மடத்துக்கு மடம்

“மாமா, எங்கட பக்கத்தில இப்பிடி நாள்க்கணக்கா நடந்து போறதுக்கு ஒரு வழியும் இல்லையே!”

சுவிற்சர்லாந்தில் குடியேறி அங்கேயே மனைவி மக்களோடு வாழும் என் தமக்கை மகன், ஆல்ப்ஸ் மலையிலே தான் நடந்துவந்த விருத்தாந்தம் முழுவதையும் சென்ற கிழமை தொலைபேசியில் விஸ்தாரமாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு பெருமூச்சோடு சொன்ன வார்த்தை இது. அதுவரையும் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் முள்ளாகத் தைத்துவிட்டது. அவனைப் பெற்றவள் பிறந்த வீடு வெருகல் ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் வேல் தாங்கிய யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாகக் கதிர்காமத்தை நோக்கி நடந்து போகிறார்கள்.

(அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் இங்கே ஓடியாடித் திரியவேண்டிய பிராயத்தில் இந்தப் பாதையில் கால்வைக்க நாங்களே அஞ்சினோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

முதலில் அவன் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அது உண்மையாகவே கேட்கத்தக்க விஷயம். பிரான்சும் இத்தாலியும் சுவிற்சர்லாந்தும் நெருங்கிச் சந்திக்கும் பிரதேசத்தில் மோன் பிளாங் என்ற மலை, ஏறக்குறைய 4,800 மீற்றர் உயரத்துக்குப் பனி மூடி நிற்கிறது. அதன் சிகரத்தை நாடாமல், அடிவாரப் பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் தொட்டுக்கொண்டு மலையை முழுவதும் சுற்றிவருகின்ற ஒரு நடைபாதை உண்டு. நீளம் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். சாதாரணமாகப் பத்துப் பதினொரு நாள் பிடிக்கும். வழிகாட்டி கிடையாது. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர் கிடையாது. கையிலே ஒரு வரைபடமும், ஒவ்வோர் இரவும் தங்குவதற்கு முன்கூட்டியே பேசி வைத்த விடுதியின் பெயரும் இருந்தால் போதும். மாலையிலே போய்ச் சேர்ந்ததும் சூடான சூப்பும், ரொட்டியும், பாற்கட்டியும், படுக்கையும் காத்திருக்கும். காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டு மறுபடி நடக்க வேண்டியதுதான். மேலதிகமாகப் பணம் கொடுத்தால் பெட்டியையும் மோட்டார் வண்டியில் ஏற்றி அடுத்த விடுதியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்களாம். உயரமான இடங்களில் விடுதிகளுக்குப் பதிலாக மலைக்குடில்கள் இருக்கின்றன. 1863ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட சுவிஸ் ஆல்ப்ஸ் கழகம் மட்டும் இத்தகைய குடில்கள் நூற்றைம்பதுக்கு மேல் வைத்துப் பராமரிக்கிறது.

இன்னொன்றும் சொன்னான். சுவிற்சர்லாந்துப் பகுதியில் வழிநெடுக மஞ்சள் நிறப் பலகைகள் நாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றிலே அடுத்த ஊர் எத்தனை கிலோமீற்றர் என்று இராது, எவ்வளவு நேர நடை என்றுதான் இருக்கும்.

இது என்னை மிகவும் கவர்ந்தது. ஏனென்றால் எங்களுடைய கிழவர்களிடம் கதிரவெளி எவ்வளவு தூரம் என்று கேட்டால், “விடியமுன்னம் வெளிக்கிட்டா வெயில் ஏறமுன்னம் போயிரலாம்” என்றுதான் சொல்லுவார்கள். காலால் நடக்கிறவனுக்கு வேண்டிய கணக்கு அதுதான்.

ஆகவே நாள்க்கணக்கான நடைக்கு உயிர்நிலையாக இருப்பது இரவுத் தங்கிடம் என்பது என் திடமான அபிப்பிராயம். மலையழகும் கடலழகும் பகலுக்கு உரியவை. பொழுது சாயும்போது தலை சாய்க்க ஓர் இடமும் கையலம்ப ஒரு குடம் தண்ணீரும் நிச்சயமாக உண்டு என்ற தைரியம் மனத்தில் இருந்தாலன்றி அந்த அழகுகளைக் கண் பார்த்தாலும் மனம் பார்க்காது. எந்தத் தேசத்திலானாலும், ஒரு தங்கிடத்துக்கும் அடுத்த தங்கிடத்துக்கும் இடையிலே உள்ள தூரம் ஒரு மனிதன் ஒரு பகலில் களைப்பு மீறாமல் நடக்கக்கூடிய தூரமாக இருப்பதைக் கண்டால், அந்த வழியை நடந்தவர்களே உண்டாக்கினார்கள் என்று தீர்மானித்துவிடலாம்.

ஆல்ப்ஸிலும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கு அங்கே அறைக்கு வாடகை உண்டு, ஆகாரத்துக்கு விலை உண்டு. ஆனால் அந்த மலையிலே வழிப்போக்கனுக்குக் கதவு திறந்த மிகப் பழைய வீடுகளில் ஒன்று ஒரு தர்மசாலையே ஆகும். சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையில் 2,469 மீற்றர் உயரத்திலுள்ள பெரிய சென் பெர்னார் கணவாயில், பதினோராம் நூற்றாண்டிலே பெர்னார் என்ற கிறிஸ்தவத் துறவி ஒரு மடத்தை அமைத்தார். ரோமாபுரிக்கு யாத்திரை போகிறவர்கள் பனியிலே சிக்கி மாண்டுபோகாமல் காப்பதும், அவர்களுக்கு அன்னமும் படுக்கையும் கொடுப்பதும் அந்த மடத்துத் துறவிகளுடைய விரதம். பனியில் அகப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பெரிய நாய்களை வளர்த்துப் பெயர்பெற்றதும் அந்த மடந்தான். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழிந்தும் அங்கே இன்னும் வழிப்போக்கர்கள் தங்குகிறார்கள். மருமகனிடம் இதைச் சொன்னேன். அந்தக் கணவாய் வழியாகக் காரிலே போயிருக்கிறானாம், மடத்தினுள்ளே போகவில்லையாம்.

“அடுத்த முறை உள்ள போ தம்பி. போயிற்று வந்து வெருகல் கோயில் மண்டபத்தையும் ஒருக்கா வந்து பார்” என்றேன்.

இனி நம்முடைய வழி.

வடமராட்சியிலே தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேலை எடுத்துக்கொண்டு புறப்படுவது சம்பிரதாயம். அங்கிருந்து முல்லைத்தீவு மார்க்கமாக வற்றாப்பளைக் கண்ணகையம்மனைத் தரிசித்து, தெற்கே இறங்கி, திருகோணமலையில் கோணேசரை வணங்கி, மூதூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று என்று வந்து எங்கள் வெருகலைச் சேருவார்கள். இங்கே ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம்: கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, சித்தாண்டி, மாமாங்கம், அதற்கப்பால் திருக்கோவில், பொத்துவில், உகந்தை, உகந்தையிலிருந்து குமண, யால வனங்களினூடாக மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமம். சந்நிதியிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்து நடை. மோன் பிளாங் சுற்றுக்குப் பதினொரு நாள் என்றால், இதற்கு அதைப்போல நான்கு மடங்கு.

வழிகாட்டி உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு விதமாகவும் சொல்லலாம். வேலைத் தாங்கி முன்னே நடப்பவர் கூட்டத்துக்குத் தலைவர். எப்பொழுது புறப்படுவது, எங்கே தரிப்பது என்பதில் அவர் வாக்கே வாக்கு. ஆனால் கூட்டத்தோடு சேராமல் தனியாகவும், குடும்பமாகவும், இரண்டு மூன்று சிநேகிதர்களாகவும் நடக்கிறவர்கள் ஏராளமானவர்கள். அவர்களுக்கு வரைபடம் வேண்டியதில்லை. கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கோயில் விசாரித்து நடந்தால் வழி தவறாது. நடக்கத் தொடங்கிய கணத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் பெயர் ஒன்றுதான். வங்கியிலே உத்தியோகம் பார்ப்பவரும் சாமி, வயலிலே கூலி வேலை செய்பவரும் சாமி, ஐந்து வயதுக் குழந்தையும் சாமி. “சாமி, கொஞ்சம் தள்ளி இருங்க சாமி” என்று கேட்டு மண்டபத்திலே பாயை விரித்துக்கொள்ளும்போது பிறப்பும் பதவியும் எங்கே போயினவென்று தெரியாது.

சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே வடக்கிலே அழைக்கிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றிலும் மடங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலே பழைய தெருக்களைக் கவனித்து நடப்பவர்களுக்கு இன்னொரு காட்சி கிடைக்கும்: ஒரு மடம், அதற்கருகே குடிக்கவும் கால் கழுவவும் ஒரு கேணி அல்லது கிணறு, தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கிவைத்து ஏற்றிக்கொள்ள ஆளுயரத்திலே ஒரு சுமைதாங்கிக் கல், வண்டிமாடுகளும் வழியால் போகும் ஆடுமாடுகளும் தினவு தீர உடம்பை உரசிக்கொள்ள ஓர் ஆவுரஞ்சிக் கல். பருத்தித்துறையிலே மடத்தைத் தெருவுக்கு மேலேயே கூரையிட்டுக் கட்டி, இருபுறமும் திண்ணைகள் வைத்திருக்கிறார்கள். தெருமூடி மடம் என்று அதற்குப் பெயர். நடப்பவனுக்கு எந்த இடத்தில் எது தேவைப்படும் என்பதை மாட்டின் முதுகு வரையில் சிந்தித்த மனிதர்கள் இதைச் செய்தவர்கள். இதற்குமேல் நடைப்பயணத்துக்கு வேறு என்ன சாஸ்திரம் வேண்டும்?

எங்கள் வெருகலில் அப்படிப்பட்ட கல்மடம் இல்லை. கோயிலே மடம்.

சித்திர வேலாயுத சுவாமி கோயில் வெருகலாற்றின் கரையிலே இருக்கிறது. ஆறு என்று இங்கே சொல்வது, கண்டி மலைகளைச் சுற்றிக்கொண்டு வருகிற மகாவலி கடலை அண்மிக்கும்போது பிரிந்து ஓடுகின்ற கிளை; ஆகையால் எங்கள் துறையிலே கால் நனைக்கிறவர்களுக்கு மலைநாட்டு மழையும் கிடைத்துவிடுகிறது. இந்த வேலவன்மீது தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய காதற் பிரபந்தம் கிழக்கிலங்கைப் புலவர்களுடைய மதிப்புக்குரியது. கோயிலிலே பழைய கல்வெட்டொன்றும் உண்டு. மதில் கட்டுவித்த உபயகாரராக அதிலே கயில வன்னியனாருடைய பெயர் காணப்படுகிறது. வன்னியனாருடைய ஆட்சி போய்விட்டது. அவருக்குப் பின் வந்த அந்நியர்களுடைய ஆட்சிகளும் போய்விட்டன. மதிலுக்குள்ளே பாய் விரித்துப் படுக்கிற யாத்திரிகன் மாத்திரம் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறான்.

அவர்கள் வந்து சேரும் மாலைப்பொழுதை ஒருமுறை பாருங்கள். கச்சான் காற்று பகல் முழுதும் அனலாக வீசிவிட்டு ஓயத் தொடங்கும் வேளையிலே, தெருவின் வடக்குப் பக்கத்தில் முதலில் “அரோகரா” என்ற சத்தம் கேட்கும். பிறகு வேல் தெரியும். கோயில் வாசலிலே ஊர்ப் பெண்கள் மஞ்சள் கலந்த தண்ணீரோடு நின்று வேல் தாங்கியவருடைய பாதங்களைக் கழுவுவார்கள். வேலை உள்ளே கொண்டுபோய் வைத்து ஆராதனை முடிந்த பின்னர்தான் மற்றவர்கள் மூட்டையை இறக்குவார்கள். நேரே ஆற்றுக்குப் போவார்கள். ஆற்றங்கரையை அடைந்ததும் முதலில் நடக்கிற காரியம் முகம் கழுவுவதன்று. ஒவ்வொருவரும் கரையோரக் கல்லில் குந்தி, வலது காலைத் தூக்கி இடது முழங்காலின்மேல் வைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார்கள். எங்கே வெடித்திருக்கிறது, எங்கே கொப்புளம் புதிதாக எழும்பியிருக்கிறது, நேற்றைய முள் வெளியே வந்துவிட்டதா என்று விரலால் தடவித் தடவிப் பரிசோதித்த பிறகுதான் தண்ணீரிலே காலை வைப்பார்கள்.

சமையற் கொட்டகையிலே அந்த நேரம் கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருக்கும். பூசணிக்காய்க் கறி, பருப்பு, சொதி. வசதியுள்ள உபயகாரர் கிடைத்த நாளில் பாயசம். அடுப்படியில் நிற்பவர்கள் எல்லாரும் ஊரவர்கள். ஒருவருக்கும் கூலி கிடையாது. எங்கள் தெருவிலே ஒரு மூதாட்டி இருக்கிறார். அன்னதானத்துக்கு அரிசி கொடுக்குமளவுக்கு அவருக்கு வருமானமில்லை. யாத்திரைக் காலம் முழுவதும் வாசலில் ஒரு சிறு மேசையைப் போட்டு, அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி விரித்து, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீரைப் பெரிய கேத்திலில் வைத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் யாத்திரிகர்கள் மறுபடி புறப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். “குடிச்சிற்றுப் போங்க சாமி, நெஞ்சுச் சளிக்கு நல்லம்” என்பதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

சரி, நடக்க விரும்புகிறவர்களுக்காகச் சில அனுபவ வார்த்தைகள்.

கால்தான் பிரதானம். சப்பாத்து, றப்பர்ச் செருப்பு, வெறுங்கால் ஆகிய மூன்றையும் நான் பரீட்சித்துப் பார்த்திருக்கிறேன். சப்பாத்துக்குள்ளே எங்கள் கரையோர மணல் எப்படியோ புகுந்துவிடும். புகுந்தால் வெளியே வராது. றப்பர்ச் செருப்பின் வார் பெருவிரல் இடுக்கிலே கொப்புளத்தை உண்டாக்கும். வெறுங்கால் மணலுக்கும் மண்ணுக்கும் உத்தமம். சில நாட்களில் தோல் தடித்துப் போய்விடும். ஆனால் காலை பத்து மணிக்குமேல் தார் றோட்டிலே அதுவும் செல்லாது. ஆகவே மணலில் வெறுங்காலும், தாரில் பழகித் தேய்ந்த தோற்செருப்பும் என்று இரண்டையும் மாற்றி மாற்றி நடப்பது நான் கண்டடைந்த முறை. (பழகித் தேய்ந்த செருப்பு என்பதைக் கவனியுங்கள். யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்குவது வேண்டாம்.) கொப்புளத்தை ஆத்திரப்பட்டு உடைக்கக்கூடாது. இரவிலே வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் பெரும்பாலும் காலையில் நடக்கலாம்.

நேரம். விடியற்காலை மூன்று மூன்றரைக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் பெரும்பகுதியை நடந்து முடித்துவிட வேண்டும். உச்சிவெயிலிலே கோயில் மண்டபமோ, வாசிகசாலையோ, புளியமரத்து நிழலோ பார்த்துப் படுத்துவிட வேண்டும். நாலு மணிக்குமேல் மிகுதி. ஆல்ப்ஸிலே பிற்பகல் இடிமழைக்கு அஞ்சிக் காலையிலேயே கணவாயைக் கடந்துவிடுவார்கள் என்று மருமகன் சொன்னான். இங்கே இடிக்குப் பதில் வெயில், வித்தியாசம் அவ்வளவுதான்.

மூட்டை. மாற்றுத்துணி, துவாய், போர்வை, தட்டு, தண்ணீர்ப் போத்தல், டோர்ச். வேறொன்றும் வேண்டாம். ஆல்ப்ஸிலே பெட்டியைக் காரில் அனுப்பலாம். இந்தப் பாதையிலும் இப்பொழுது சில கூட்டத்தார் லொறியோ உழவு இயந்திரமோ கூடக் கொண்டுவருகிறார்கள். அதை நான் குறைசொல்ல மாட்டேன்; முதியவர்களுக்கும் தாய்மாருக்கும் அது பேருதவி. ஆனால் வயதும் வலுவும் உள்ளவர்கள் தங்கள் மூட்டையைத் தாங்களே தூக்கினால், எவ்வளவு குறைவான பொருளோடு ஒரு மனிதன் திருப்தியாக வாழ முடியும் என்பது இரண்டாம் நாளே தோளுக்கு விளங்கிவிடும்.

இந்த விதிகளெல்லாம் உகந்தை வரைக்குந்தான். உகந்தைக்கப்பால் ஊர் கிடையாது. வருஷத்திலே கதிர்காமத் திருவிழாவையொட்டிக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மாத்திரம் வனத்தின் வாயில் திறக்கப்படும். அப்பொழுது நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் அங்கே வந்து சேர்ந்து நடக்கிறார்கள். குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கிடங்கள் பெயரளவிலே உண்டு. அவை மரங்களும் மணலும் சிறிது தண்ணீரும் உள்ள இடங்களேயன்றிக் கட்டடங்கள் அல்ல. நான்கைந்து நாளுக்கு வேண்டிய அரிசி பருப்பைச் சுமந்துகொண்டே போகவேண்டும். அந்தப் பருவத்திலே பாலைமரங்கள் பழுத்துச் சொரியும். பாலைப்பழத்தில் கரடிக்கு அளவற்ற பிரீதி. ஆகையால் தனித்து நடக்காமல், அரோகரா சொல்லிக்கொண்டு கூட்டமாக நடப்பது பக்தியும் பாதுகாப்புமாகிறது. வேடர்குலத்து வள்ளியைத் தேடி முருகன் வந்த வனம் என்று அதை நம்புகிறவர்கள் நாங்கள். வெருகலுக்கும் வாகரைக்கும் இடையிலுள்ள கிராமங்களிலே இன்றும் கரையோர வேடருடைய சந்ததியார் வாழ்கிறார்கள்; அவர்களுக்கு வள்ளியம்மை புராணத்துப் பெண் அல்லள், தங்கள் வீட்டுப் பெண்.

இப்பொழுது அந்தப் பிற்போட்ட கதை.

1983ஆம் ஆண்டிலே இந்த நாட்டில் மூண்ட தீ இந்த நடைவழியையும் அறுத்துவிட்டது. 1985இல் மூடப்பட்ட குமண வனம் 2003இலேதான் மறுபடி திறக்கப்பட்டது. இடையிலே 1988ஆம் ஆண்டில், முன்பு இந்த வழியால் நடந்து பழகிய பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர், பழைய யாத்திரிகர் சிலரோடு சேர்ந்து கிழக்குக் கரையிலே யாத்திரையை மறுபடி தொடக்கிவைத்தார். துவக்குகளுக்கிடையே ஒரு வேலைத் தூக்கிக்கொண்டு நடக்கத் துணிந்த அந்தச் சிலர் இல்லாவிட்டால், வழியை அறிந்தவர்களுடைய ஞாபகத்தோடு வழியும் அழிந்திருக்கும். அவர்களுக்கு இந்தக் கரை முழுவதும் கடமைப்பட்டிருக்கிறது. வெருகலோ அந்தக் காலத்தில் எல்லைக்கோடாகிவிட்டது. 2004 சித்திரையிலே இந்த ஆற்றங்கரையிலேயே ஒரே இயக்கத்தார் இரு பிரிவாகி ஒருவரையொருவர் சுட்டார்கள். அதே ஆண்டு மார்கழியில் கடல் பொங்கியது. 2006இலும் 2007இலும் ஊர் முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தது. அந்த நடைக்குத் தங்கிடம் நிச்சயமில்லை, போய்ச்சேரும் இடமும் நிச்சயமில்லை. யாத்திரை என்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அகதியாக நடந்தவனே முழுக்க அறிவான்.

யுத்தம் முடிந்தபின் பாலங்கள் வந்தன. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் துறைக்குத் துறை இறங்கி, பாதையிலே (இயந்திரத்தால் இழுபடும் மிதவையைத்தான் சொல்லுகிறேன்) ஏறிக் கடந்த காலம் போய்விட்டது. கிண்ணியாவிலே 2009இல் திறந்த பாலம் ஏறக்குறைய 400 மீற்றர் நீளமுள்ளது. சந்நிதியிலிருந்தும் யாத்திரை மறுபடி புறப்படலாயிற்று.

இத்தனை சொன்னதும் மருமகன் கேட்டான்: “அப்ப மாமா, இதையும் ஆல்ப்ஸ் மாதிரி விடுதியெல்லாம் கட்டி ஒழுங்காச் செய்தா வெளிநாட்டுக்காரரும் வருவினம்தானே?”

நியாயமான கேள்வி. மலைநாட்டிலே அப்படியொன்று நடந்தே இருக்கிறது; கண்டிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களினூடாக நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பீக்கோ நடைபாதையை இருபத்திரண்டு கட்டங்களாக வகுத்திருக்கிறார்கள்; இராத் தங்க விடுதி வசதிகளும் ஏற்பட்டு வருகின்றன. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதனால் நாலு காசு கிடைக்குமானால் மிக்க சந்தோஷம். எங்களுக்கு அயலிலுள்ள சேருவிலையிலிருந்து மகாவலி ஓரமாகச் சிவனொளிபாதமலைக்குப் போன பழைய பௌத்த யாத்திரை வழியை, யுனெஸ்கோவுக்குச் சமர்ப்பித்த உத்தேசப் பட்டியலில் இலங்கை அரசாங்கம் சேர்த்திருக்கிறது. கதிர்காமத்து நடைவழிக்கும் அந்தக் கௌரவம் வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வேடரும் உரிமை கொண்டாடும் ஒரு தலத்துக்குப் போகிற வழிக்கு அந்தக் கௌரவம் மிகையன்று.

ஆனால் விலை வேண்டாம்.

வெருகல் மண்டபத்திலே ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பலகை தொங்கத் தொடங்கும் நாளில், வேர்க்கொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் அந்த மூதாட்டிக்கு இந்தப் பாதையிலே வேலை இல்லாமற் போய்விடும். கொடுப்பவருக்கும் இதிலே பங்கு உண்டு என்பதுதான் எங்கள் வழியின் தனிச்சிறப்பு. நடக்க முடியாதவர் நடப்பவருக்குச் சோறு கொடுத்து, யாத்திரையின் பலனில் பாதியைத் தமதாக்கிக்கொள்ளுகிறார். மெத்தை வேண்டுபவர்களுக்குத் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் ஹோட்டல்கள் தாராளமாக உண்டு. வெளிநாட்டாரும் வரட்டும், சாமியென்றே அழைப்போம், பாயிலே படுப்பார்கள்.

அதற்காக ஆல்ப்ஸிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. அங்கே மலைக்குடிலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். இங்கே நூறு பேருக்குச் சமைத்து வைத்தால் முந்நூறு பேர் வருகிறார்கள், முந்நூறு பேருக்குச் சமைத்த நாளில் நூறு பேர் வருகிறார்கள், மிஞ்சிய சோறு வீணாகிறது. எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிற காலத்தில், முதல்நாளே அடுத்த கோயிலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது பெரிய காரியமா? அங்கே நடக்கிறவன் தன் குப்பையைத் தானே சுமந்துகொண்டு கீழே இறங்குகிறான். இங்கே தாகசாந்திப் பந்தலுக்கு நூறு யார் அப்பால் பிளாஸ்டிக் குவளைகள் கச்சானிலே பறந்துபோய் முட்கம்பி வேலியில் தொங்குகின்றன. வனத்துக்குள்ளே யானையும் மானும் அவற்றைத் தின்னுகின்றன என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது மலசலகூடம். யாத்திரிகரில் பெண்கள் பெருந்தொகையினர். விடியற்காலை இரண்டு மணிக்கு எழும்பி, இருட்டிலே ஒதுக்கிடம் தேடி, கூச்சத்தோடும் பாம்புப் பயத்தோடும் அவர்கள் படும் சிரமத்தைப் பற்றி ஆண்கள் பேசுவதில்லை. என் தமக்கை சொல்லியே எனக்குத் தெரியும். கோபுரத்துக்கு வர்ணம் தீட்ட வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. பெண்கள் குளித்து உடைமாற்ற நான்கு சுவரும் ஒரு தண்ணீர்த்தாங்கியும் கட்டுவதற்கு உபயகாரர் கிடைப்பது அருமையாக இருக்கிறது. கேணியும் ஆவுரஞ்சிக் கல்லும் வைத்த பரம்பரைக்கு இது தகாது.

பிறகு மரம். பாதையோரத்திலே நிழல் குறைந்துகொண்டு வருகிறது. வேம்பும் மருதும் இலுப்பையும் எங்கள் மண்ணிலே தண்ணீர் ஊற்றினால் வளரும்.

ஆகையால் இதை வாசிப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வெளிநாட்டிலே இருப்பவர்கள், உங்கள் ஊர்க்கோயிலுக்கு அடுத்த முறை பணம் அனுப்பும்போது பெண்களுக்கான குளியலறைக்கும் மலசலகூடத்துக்கும் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். ஊரிலே இருப்பவர்கள் இந்த மாரி மழையோடு ஆளுக்கொரு மரக்கன்றைப் பாதையோரத்தில் நட்டு, ஆடு கடிக்காமல் கூடு கட்டி, கோடையிலே தண்ணீர் ஊற்றுங்கள். நடக்கக்கூடியவர்கள் வருகிற வைகாசியில் மூதூருக்கு வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள்; முழுவதும் முடியாவிட்டாலும் வெருகல் வரைக்கும் நடவுங்கள். தட்டும் தண்ணீர்ப் போத்தலும் உங்களுடையதாக இருக்கட்டும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள், சோறு இருக்கும்.